கிளம்பும் நாளில் மட்டும்

பழைய கார் மறுபடியும் மக்கர் செய்தது. அம்மா வீட்டிலிருந்து கிளம்பும்போதெல்லாம் இதே கூத்துதான். ஸ்டார்ட்டர் சுற்றியது, இன்ஜின் பிடிக்கவில்லை.

"மெக்கானிக் எல்லா வயரையும் பார்த்துட்டாரு. எங்க வீட்டுல ஒரு நாளும் இப்படி ஆனதில்லையே" என்ற மகள், தானே ஃப்யூஸ் பெட்டியைத் திறந்தாள். பெட்ரோல் பம்ப் ஃப்யூஸ் இருக்க வேண்டிய இடம் காலி.

வயர்மேனாக இருந்து ஓய்வு பெற்ற அப்பாவைத் திரும்பி முறைத்தாள்.

"நாங்க இன்னொரு நாள் தங்கணும்னு நீங்கதானே கழட்டினீங்க?"

அப்பா மருமகனை ஒருமுறை பார்த்தார்.

"ஆமாம்மா. தப்புதான்."

உள்ளே போய் தன் பழைய கருவிப் பெட்டியிலிருந்து ஒரு ஃப்யூஸைக் கொண்டுவந்து செருகினார். வண்டி உடனே உறுமியது.

"ஆபீஸ்ல யாருப்பா பதில் சொல்றது? இனிமே நாங்க வரவே மாட்டோம்!" முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு ஏறினாள்.

தெருமுனை தாண்டியதும் கணவன் வண்டியை ஓரம் கட்டினான்.

"மாமாவைத் திட்டாதே. ஒவ்வொரு தடவையும் கழட்டினது நான்தான். மெக்கானிக் பார்க்கறதுக்குள்ள திரும்ப மாட்டிடுவேன்."

"நீங்களா? எதுக்கு?"

"ஹாஸ்டல்லயே வளர்ந்தவன் நான். சாப்பிட்டீங்களான்னு கேட்க இங்கே ரெண்டு பேர் இருக்காங்க. கிளம்ப மனசே வரலை. மாப்பிள்ளையா இருந்துக்கிட்டு, இன்னும் ரெண்டு நாள் இருக்கட்டுமான்னு எப்படிக் கேட்கறது?"

"அப்போ அப்பா ஏன் ஒத்துக்கிட்டாரு?"

"நான் கழட்டறதை அவர் பார்த்திருக்கணும். என் மானம் போகக் கூடாதுன்னுதான்."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"வண்டியைத் திருப்புங்க."

"எதுக்கு?"

"நான் மன்னிப்புக் கேட்கணும். நீங்க வாயைத் திறந்து, இன்னும் ரெண்டு நாள் இருக்கட்டுமான்னு கேட்கணும்."