பின் சீட்டு

“பொட்டப் புள்ள வண்டி ஓட்ட, நான் பின்னாடி உக்காந்து போகணுமா? நல்லாருக்கே கதை! வேற ஆளப் பாரு ஆத்தா.”

கோட்டைச்சாமி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வாழைத்தோட்டத்துக்குக் கிளம்பிவிட்டார்.

மகள் கயலுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. வாசலில் புது பைக் பளபளவென்று நின்றது. முன்னாலும் பின்னாலும் சிவப்பில் ‘எல்’ ஒட்டியாகிவிட்டது.

இத்தனைக்கும் வண்டி வாங்கித் தந்ததே அந்த மனுசன்தான். ஷோரூம்காரர், “பொம்பளப் புள்ளைக்கு ஸ்கூட்டர்தான் வசதி” என்று இழுத்தபோது, “அவ ஓட்டப் போறா, அவளே பாக்கட்டும்” என்று வாயை அடைத்தார்.

கயலும் ஜம்மென்று உசரமாக நின்ற வண்டியில் ஆசையாக ஏறிப் பார்த்தாள். கால் அந்தரத்தில் தொங்கியது. கடைசியில் ரெண்டு காலும் தரையில் நன்றாக ஊன்றிய சின்ன பைக் ஒன்றைத்தான் எடுத்தாள்.

கியர் வண்டியே வேண்டும் என்று நின்றதற்குக் காரணம் இருந்தது. சொட்டுநீர்க் குழாய் கம்பெனி ஒன்றில் அவளுக்கு வேலை கிடைத்திருக்கிறது. மயிலாடும்பாறைப் பக்கம் கரடுமுரடான பாதையில் தோட்டம் தோட்டமாகச் சுற்ற வேண்டும்; ஸ்கூட்டர் தாங்காது. ஆவணி பிறந்ததும் சேரணும். அதற்குள் கியர் வண்டி லைசென்ஸ் கையில் இல்லையென்றால் வேலை வேறு ஆளுக்குப் போய்விடும்.

“ஸ்கூட்டர்ல எட்டுப் போட்டுக் காட்டு, சுளுவா லைசென்ஸ் வாங்கிரலாம்” என்று மார்க்கையன்கோட்டையில் ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள். அந்த லைசென்ஸை வைத்துக்கொண்டு கியர் வண்டி ஓட்ட முடியாதே! கயல் மசியவில்லை.

ராத்திரி சோற்றுக்கு உட்கார்ந்தபோது மறுபடி கேட்டாள்.

“அப்பா, எல்.எல்.ஆரை வச்சுக்கிட்டு தனியா ரோட்டுக்குப் போகக் கூடாதாம். லைசென்ஸ் உள்ளவக யாராச்சும் பின்னாடி உக்காரணுமாம். நீங்கதான இந்த வீட்டுல வண்டி ஓட்டுறவுக? நான் பொறக்குறதுக்கு முன்னாடி இருந்து ஓட்டுறீகல்ல?”

“எனக்குத் தலைக்கு மேல வேலை கெடக்கு.” சோற்றைப் பாதியிலேயே வைத்துவிட்டு எழுந்தார்.

அம்மா பொன்னாத்தாளுக்குப் பொறுக்கவில்லை. “உங்கப்பனுக்கு ரோசம்டி. மக ஓட்ட, பின்னாடி உக்காந்து போனா சின்னமனூர் சந்தையில நாலு பேரு சிரிப்பாகன்னு பயம். ஆம்பளத் திமிரு எங்க போகும்?”

கயல் நெல் காயவைக்கும் களத்திலேயே சுற்றிச் சுற்றிப் பழகினாள். கோட்டைச்சாமி தென்னை மரத்தடியில் நின்று பார்ப்பார். வண்டி ஆஃப் ஆனால் ஓரடி முன்னே வைப்பார். அப்புறம் என்ன நினைப்பாரோ, நின்றுவிடுவார். அதைப் பார்க்கப் பார்க்க கயலுக்கு வயிறெரிந்தது.

டெஸ்ட் நாளும் வந்தது. புது பைக், வாழைத்தார் ஏற்றுகிற குட்டியானை வண்டியில் ஏறித் தேனிக்குப் போனது! கூட வரச்சொல்லிக் கேட்டதற்கு, “உரம் வாங்கப் போகணும்” என்றார் அப்பா.

மைதானத்தில் முதல் வளைவை அழகாகப் போட்டாள். ரெண்டாவது வளைவில் கை நடுங்கியது. கால் தரையைத் தொட்டுவிட்டது.

“கால் ஊனிட்டியேம்மா” என்றார் இன்ஸ்பெக்டர் மேடம். “பயம்தான், வேற ஒண்ணுமில்ல. ஒரு வாரம் நல்லா ரோட்டுல ஓட்டிப் பழகிட்டு வா. இன்னொரு சான்ஸ் இருக்கு.”

ரோட்டுல ஓட்டிப் பழகணுமாம்! யாரைப் பின்னாடி வைத்துக்கொண்டு? கயல் வேப்பமரத்தடியில் போய் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“அடுத்து, கோட்டைச்சாமி!”

அப்பா பேரில் வேறு யாரோ என்றுதான் நினைத்தாள். ஹெல்மெட்டும் கையுமாக, ‘எல்’ ஒட்டிய பழைய பைக்கைத் தள்ளிக்கொண்டு வந்தது சாட்சாத் அவள் அப்பாவேதான்.

கால் ஊன்றாமல் எட்டை ஒரே இழுப்பில் போட்டு முடித்தார்.

“பரவாயில்லையே ஐயா! எத்தன நாளாப் பழகுறீங்க?”

“ஒரு மாசமாத்தான் மேடம்” என்றார், கொஞ்சமும் கூசாமல்.

பாஸ் ஆகி வந்தவர் மகளைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டார்.

“அப்பா! இத்தன வருசம் லைசென்ஸே இல்லாமயா ஓட்டுனீக?”

“மெதுவாப் பேசு ஆத்தா. மேடம் காதுல விழுந்துறப் போகுது.”

“அன்னைக்கே சொல்லியிருக்கலாம்ல? நான் உங்கள என்னென்னமோ நெனச்சிட்டேனே!”

“நீ கியர் லைசென்ஸ்தான் வேணும், முறையா வாங்கணும்னு ஒத்தக்கால்ல நிக்கிறவ. உங்கிட்ட எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுச் சொல்ல? திமிரு புடிச்ச அப்பன்னு நெனச்சிட்டுப் போன்னு விட்டுட்டேன்.”

கயலுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது.

“ஒரு வாரம் இருக்குல்ல? போதும். சாயந்திரத்துக்குள்ள போன்ல லைசென்ஸ் வந்துருமாம். அதுவரைக்கும் இங்கனயே இருப்போம். வந்ததும் நீ புது வண்டிய எடு, நான் பின்னாடி ஏறிக்கிறேன். என் பழைய வண்டி குட்டியானையில வரட்டும்.”

“ஏம்ப்பா, இத்தன வருசம் பயமில்லாம ஓட்டுனவுக, சும்மா பின்னாடி உக்கார்றதுக்கா பரிச்சை எழுதி, வரிசையில நின்னு, எட்டுப் போட்டீக?”

கோட்டைச்சாமி ஹெல்மெட்டைத் துண்டால் துடைத்தார்.

“நான் களவாணித்தனமா ஓட்டுனது என்னோட போகட்டும் ஆத்தா. நீ மொத மொதல்ல ரோட்டுல ஏறும்போது, எந்தப் போலீஸ்காரரப் பாத்தும் உனக்குக் கை நடுங்கக் கூடாதுல்ல?”