முடியில் கோத்த புழுக்கைகள்

நேற்றிலிருந்து முயல் புல்லைத் தொடவில்லை. போட்ட புழுக்கைகளோ பூச்சரம் மாதிரி ஒரே முடியில் கோத்துக்கொண்டு வந்தன. பியூலா முயலைக் கூடையில் வைத்து, அந்தச் சரத்தையும் காகிதத்தில் பொதிந்து, கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோனாள்.

“முடிய முழுங்கியிருக்குதும்மா. விட்டா குடலை அடைச்சிடும்” என்றவர், சரத்தைத் தூக்கிப் பிடித்தார். “ஆனா இது முயல் முடி இல்லையே. முழ நீளம் இருக்கு. வீட்ல யாருக்கு இவ்வளவு முடி?”

பியூலா தலைத்துணியைத் தொட்டுக்கொண்டாள். புற்றுநோய் மருந்தில் அவள் கூந்தல் போன வருஷமே உதிர்ந்துவிட்டது; இன்னும் முளைக்கவில்லை. வீட்டில் வேறு ஆளும் கிடையாது.

திரும்பி வந்து கூடையைத் திறந்தாள். முயல் நேராக, கூந்தல் இருந்த நாளில் அவள் உட்கார்ந்து தலைசீவிய நாற்காலிக்குப் போனது. காலி நாற்காலியின் பின்னால் எழுந்து நின்று, எதையோ கவ்வி இழுத்தது.

பியூலாவின் வெறுந்தலையில் சுரீரென்றது.