பொழுது சாய்வதற்குள்

"புடலங்கா கூட்டு நான் பாத்துக்கறேன். பூங்குழலி, நீ சோறு வடிச்சி ரசம் வச்சிடு. சீக்கிரம்டி, பொழுது போயிடப் போவுது."

கொல்லைச் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து முன்னியின் குரல் கேட்டதும், அடுப்படியில் நின்றிருந்த ரத்னம்மாவுக்குச் சுருக்கென்றது. ராத்திரிக்கு யார் வீட்டில் என்ன சமையல் என்று தினமும் சாயங்காலம் அண்டை வீட்டுக்காரிகள் மூன்று பேரும் அந்தச் சுவரண்டை நின்றுதான் பேசிக்கொள்வார்கள். இன்று அவளை யாரும் கூப்பிடவில்லை. அதிலும், இரண்டு பேரும் பங்கு பிரித்துக்கொண்டு சமைக்கிறார்கள். என்ன விருந்து? அவளை விட்டுவிட்டு?

ரத்னம்மாவுடையது ஜைனக் குடும்பம். வெங்காயம், பூண்டு, கிழங்கு என்று மண்ணுக்கடியில் விளையும் எதுவும் வீட்டுக்குள் வராது. இருட்டிய பிறகு சாப்பாடும் கிடையாது.

"நாங்க டீ போடற நேரத்துல நீ ராத்திரி சோறே முடிச்சிடற. உனக்கெல்லாம் எதுக்குக்கா கரண்ட்டு?" என்று முன்னி கிண்டலடிப்பாள்.

"உன் வெங்காயத் தோலு பறந்து வந்து என் கொல்லைல வுழுது. மொதல்ல அத வந்து பெருக்குடி" என்று ரத்னம்மாவும் விடமாட்டாள்.

இன்று கோபத்தை விடப் பெரிய கவலை ஒன்று இருந்தது. விழுப்புரத்தில் வேலை பார்க்கும் மகன் ஸ்ரேயாம்ஸ் பைக்கில் வந்துகொண்டிருந்தான். வழியில் எங்கேயும் சாப்பிட மாட்டான். பொழுது சாய்வதற்குள் வந்து சேராவிட்டால் விடியும்வரை பிள்ளை பட்டினி.

மத்தியானமே ஒரு போன் வந்தது. "அனந்தபுரத்தாண்ட வண்டி நின்னுடுச்சாம். போயி இட்டுனு வரேன்" என்று சொல்லிவிட்டு அவள் கணவர் அஜிததாஸ் கிளம்பிப் போனார். அதன் பிறகு அவள் எத்தனை முறை கூப்பிட்டும் எடுக்கவில்லை. வண்டி ஓட்டும்போது அவர் போனைத் தொடமாட்டார் என்பது அவளுக்குத் தெரியும்.

அவள் குழம்பைத் தாளித்தாள். வெங்காயம் இல்லாத குறை தெரியாமல் குழம்பு மணக்க ஒரு வழி இருக்கிறது. பெருங்காயத்தைப் பொடிக்காமல் கட்டியாகவே எண்ணெயில் போட்டு, அது உப்பிப் பொரியும்வரை பொறுத்திருக்க வேண்டும். அவசரப்பட்டால் உள்ளே பச்சையாக நின்று கசக்கும். பொறுத்தால் விரலில் பொடியாக நொறுங்கும், தெருவே மணக்கும்.

அதே மணம் சுவருக்கு அந்தப் பக்கமிருந்தும் வந்தது. ரத்னம்மா துவைக்கிற கல்லின் மேல் ஏறி எட்டிப் பார்த்தாள். கொல்லையில் விறகடுப்பு மூட்டி முன்னி கிளறிக்கொண்டிருந்தாள். அடுப்பின் மேல் ஸ்டிக்கர்கூடக் கிழிக்காத புதுக் குண்டான்.

"இன்னாடி, வெங்காயம் போடலியா?"

முன்னி திடுக்கிட்டு நிமிர்ந்தாள். "இன்னிக்கி வேணாக்கா."

"புதுக் குண்டானெல்லாம் பலமா இருக்குது. யாருக்குடி விருந்து?"

"விருந்தெல்லாம் இல்லக்கா. நீ உள்ள போ." முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"ஈர வெறக வச்சினு ஏன் கஷ்டப்படற? எங்க வூட்ல காஞ்சது கெடக்குது, எடுத்துக்கோ." இறங்கப் போனவள், மனசு கேட்காமல் நின்றாள். "என் புள்ள வரான் முன்னி. புடலங்கா கூட்டுன்னா அவனுக்கு உசுரு. அவனுக்காகவாவது என்னயும் ஒரு வார்த்த கூப்ட்டிருக்கலாம்."

முன்னியின் கையில் கரண்டி அப்படியே நின்றது. எழுந்து வீட்டுக்குள் போய்விட்டாள்.

ராஜகிரி மலைக்குப் பின்னால் சூரியன் இறங்கியது. மலை மறைப்பதால் செஞ்சியில் நிழல் முன்னதாகவே விழுந்துவிடும். ஆனால் அஸ்தமனம் உடனே ஆகிவிடாது. மலைக்கு அந்தப் பக்கம் சூரியன் இன்னும் கொஞ்ச நேரம் இருக்கும். அந்தக் கொஞ்ச நேரத்தை நம்பி ரத்னம்மா மகனுக்கு இலை போட்டாள். தண்ணீர் வைத்தாள். உட்கார்ந்த உடனே சூடாகப் போட வேண்டும் என்று அப்பளத்துக்கு எண்ணெய் காயவைத்தாள்.

வாசலில் காலடிச் சத்தம் கேட்டது. முன்னியும் பூங்குழலியும் மூடிய பாத்திரங்களோடு உள்ளே வந்தார்கள்.

ரத்னம்மாவுக்கு எல்லாம் ஒரே நொடியில் விளங்கியது. வெங்காயம் இல்லாத தாளிப்பு, அசைவம் படாத புதுக் குண்டான், பொழுது போவதற்குள் சமையல். எல்லாம் இந்த வீட்டுக்கா?

"அடிப்பாவிங்களா! இதுக்குத்தான் ரெண்டு பேரும் மறைச்சீங்களா? நான் ஒரு மடச்சி, கோவிச்சினு கெடந்தேன்." அவள் கண் நிறைந்துவிட்டது. "உக்காருங்கடி. அவனும் வந்துடட்டும், ஒண்ணா சாப்புடலாம்."

பூங்குழலி பாத்திரத்தைக் கீழே வைக்காமல் சுவரோடு சாய்ந்து நின்றாள்.

தெருவில் ஏதோ பெரிய வண்டி வந்து நின்றது. கதவு திறக்கும் சத்தமும், நாலைந்து பேர் தணிந்த குரலில் பேசுவதும் கேட்டது.

"வந்துட்டான்! பைக்க வேன்ல ஏத்தினு வந்துட்டாங்க போல." ரத்னம்மா அடுப்படிக்கு ஓடி அப்பளத்தைக் கையில் எடுத்தாள். "இன்னும் வெளிச்சம் இருக்குது, சாப்ட்டுடுவான்."

பின்னாலேயே வந்த முன்னி, அவள் கையைப் பிடித்துக்கொண்டு அடுப்பை அணைத்தாள்.

"உன் வூட்ல இன்னிக்கி அடுப்பு எரியக் கூடாதுக்கா."