கப்பல் அன்னிக்கு லீவு

"நாளைக்கு நான் லீவு," என்றார் டாக்சி டிரைவர் யொனஹா.

கூட்டத்தில் இருந்த அத்தனை பேரும் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள். சயோகோவுக்குச் சுருக்கென்றது.

நகராட்சியில் சுற்றுலாப் பிரிவு அவள் பொறுப்பு. மூவாயிரம் பேரோடு உல்லாசக் கப்பல் காலையில் வரும், சாயங்காலம் கிளம்பிவிடும். அதற்குள் அவர்களைக் கடற்கரை, கலங்கரை விளக்கம், கடைத்தெரு என்று சுற்றிக் காட்டித் திரும்பக் கொண்டுவந்து சேர்க்க வேண்டும். ஒகினாவாவின் கடைக்கோடித் தீவில் ரயிலா ஓடுகிறது? இருக்கிற டாக்சி அத்தனையும் விடிந்ததும் துறைமுகத்தில் வந்து நிற்க வேண்டும். அதுதான் அவள் போட்ட திட்டம்.

"போன கப்பலுக்கும் லீவு போட்டீங்களே அண்ணே."

"ஆமா."

"அதுக்கு முந்தின கப்பலுக்கும்."

"ஆமாம்மா."

"கப்பலைக் கண்டாலே உங்களுக்கு ஜுரம் வந்துடுமோ?"

கூட்டம் சிரித்தது. யொனஹாவும் கூடச் சேர்ந்து சிரித்தார். "சொந்த வேலை இருக்கும்மா."

"போன தடவை டாக்சி பத்தாம ஜனங்க வெயில்ல நின்னாங்க. மறுபடியும் இப்படி ஆச்சுன்னா பக்கத்துத் தீவுக்குப் போயிடுவோம்னு கப்பல்காரங்க சொல்லிட்டாங்க. நூடுல்ஸ் கடை, முத்துக் கடை, வாடகை சைக்கிள்காரர் எல்லாரும் இந்தக் கப்பலை நம்பித்தான் இருக்காங்க. ஊரே சேர்ந்து வடம் இழுக்கறப்போ நீங்க மட்டும் வேடிக்கை பாக்கலாமா?"

"தப்புதான்," என்று யொனஹா இடுப்பு வரை குனிந்து வணங்கினார். லீவை மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை.

மறுநாள் கப்பல் வந்தது. ஒரு பக்கம் மூன்று தந்திச் சான்ஷின் வாசிப்பு, ஒரு பக்கம் மேளம், நடுவில் கொதிக்கிற எண்ணெயில் சர்க்கரைப் பணியாரம். இறங்கியவர்கள் இறங்கிய கையோடு டாக்சியில் ஏறிப் போய்க்கொண்டே இருந்தார்கள். ஒருத்தர்கூட வெயிலில் நிற்கவில்லை. சயோகோவுக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது.

அப்போதுதான் அவளுடைய உதவியாளன் கவாசே மூச்சிரைக்க ஓடி வந்தான். டோக்கியோவிலிருந்து மாற்றலாகி வந்த பையன். ஊர்க்காரர்கள் முகம் இன்னும் அவனுக்குப் பழகவில்லை.

"அக்கா, அந்த யொனஹாவைப் பாத்தேன். சொந்த வேன்ல ஆள் ஏத்திக்கிட்டுத் துறைமுக ரோட்டுல போறாரு. இது ரெண்டாவது நடை."

"யாரை ஏத்திக்கிட்டு?"

"கப்பல்ல வந்தவங்கதான், வேற யாரு? எல்லாம் வயசானவங்க. வெயில் தொப்பி, கறுப்புக் கண்ணாடி. ஜன்னல் வழியா எனக்குக் கையாட்டிட்டுப் போறாங்க."

ஓகோ, சொந்த வேலை இதுதானா. சொந்த வண்டியில் வாடகைக்கு ஆள் ஏற்றினால் லைசென்சே போய்விடும் என்பது டாக்சி ஓட்டுகிறவருக்குத் தெரியாதா என்ன?

"அவ்வளவு குனிஞ்சு கும்பிட்டப்பவே நான் சுதாரிச்சிருக்கணும்," என்றாள் சயோகோ. உடனே டாக்சி கம்பெனி முதலாளிக்குப் போன் போட்டாள்.

"யொனஹாவுக்கு எதுக்கு லீவு கொடுத்தீங்க சார்? திருட்டு டாக்சி ஓட்டறதுக்கா?"

முதலாளி பதறிப்போனார். பத்துத் தடவையாவது மன்னிப்புக் கேட்டிருப்பார். "காலையில வரட்டும். அப்படியே வீட்டுக்கு அனுப்பிடறேன்," என்றார்.

"அதைச் செய்யுங்க," என்று சயோகோ போனை வைத்தாள்.

சாயங்காலம் சங்கு ஊதிக்கொண்டு கப்பல் கிளம்பியது. அடுத்த மாதமும் வருகிறோம் என்று கப்பல்காரர்களே சொல்லிவிட்டுப் போனார்கள். சயோகோ கால் தரையில் பாவாமல் வீட்டுக்கு வந்தாள்.

அப்பா காலை நீட்டிக்கொண்டு டிவியில் சுமோ பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். இன்றைக்கும் போக வேண்டிய நாள். எப்போதும் டாக்சியில் போய் வந்துவிடுவார், அதனால் அவள் அதைப் பற்றிக் கேட்டதே இல்லை. இன்றைக்கு இருந்த சந்தோஷத்தில் கேட்டாள்.

"டாக்சி நேரத்துக்கு வந்துச்சாப்பா?"

"நல்லா கேட்டே போ. கப்பல் அன்னிக்கு டாக்சி ஏது? எவரோ ஒரு அதிமேதாவி திட்டம் போட்டு, ஊர்ல இருக்கற வண்டி அத்தனையையும் துறைமுகத்துல கொண்டுபோய் நிறுத்திடறாங்களாமே. எங்களுக்கு ஒண்ணுகூட மிச்சம் வைக்கறதில்லே."

தோளிலிருந்த பையைச் சயோகோ மெதுவாகக் கீழே வைத்தாள். "அப்போ எப்படிப் போனீங்க?"

"யொனஹா இருக்கானே. கப்பல் வந்தா லீவு போட்டுட்டு வந்துடுவான். வீடு வீடா வந்து, டயாலிசிஸ்காரங்க எல்லாரையும் தன் வேன்ல துறைமுக ரோட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் விட்டு, மறுபடி கூட்டிட்டு வருவான். காசுன்னு பேச்செடுத்தா கோவிச்சுக்குவான்."

"என்கிட்ட ஏம்ப்பா சொல்லலே?"

"சொன்னா நீ லீவு போட்டுட்டு வந்து நிப்பே. உனக்குத்தான் கப்பல் வந்தா நடனம், மேளம்னு தலைக்கு மேல வேலை இருக்கே."

அப்பாவுக்கு ஏதோ ஞாபகம் வந்து, தானாகச் சிரித்துக்கொண்டார்.

"இன்னிக்கு வேன்ல எல்லாருமா சேர்ந்து, அந்தத் திட்டம் போட்டவங்களைக் கிழி கிழின்னு கிழிச்சோம். யொனஹா விடலே. 'ஊர் பொழைக்கணும்னுதானே அந்தப் பொண்ணு ராப்பகலா அலையுது, பாவம் திட்டாதீங்க'ன்னு எங்களைச் சத்தம் போட்டான்."

சயோகோ குனிந்து பைக்குள் போனைத் தேடினாள்.

"எந்தப் பொண்ணுடான்னு எல்லாரும் கேட்டுப் பாத்தோம், வாயே திறக்கலே. உனக்குத் தெரியுமா சயோகோ, அது யாருன்னு?"