தெரிந்தவர்களுக்கு இலவசம்

'மலாக்கிக்கு அஞ்சலி விருந்து. அவரைத் தெரிந்தவர்களுக்கு எல்லாம் இலவசம்' என்று அந்தச் சிற்றூர் ஐரிஷ் பப்பின் கதவில் எழுதியிருந்தது. ஆட்டு மருந்து விற்கும் டார்சிக்கு அந்த ஊரில் ஈ காக்கையைக்கூடத் தெரியாது. ஆனாலும் தொப்பியைக் கழற்றிக்கொண்டு உள்ளே போனான்.

உள்ளே ஓர் இளைஞனின் பழைய படத்துக்கு முன்னால் மெழுகுவத்தி எரிந்தது.

"நீங்க அவருக்கு எப்படிப் பழக்கம்?" என்று கேட்டாள் பப்பை நடத்தும் நோரா.

இருபது வருடமாக ஆட்டு மருந்தைப் புகழ்ந்த வாய்க்கு ஒரு மனிதரைப் புகழ்வதா கஷ்டம்?

"வெள்ளத்துல என் வண்டி மாட்டிக்கிச்சும்மா. மலாக்கிதான் இடுப்பளவு தண்ணியில இறங்கித் தள்ளினார். தங்கமான மனுஷன்!"

கூட்டம் வாயைப் பிளந்தது. நோரா கறுப்பு பீரை நுரை ததும்ப வைத்தாள்.

பக்கத்து நாற்காலிக் கிழவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அப்புறம் என்ன செஞ்சார், தம்பி?"

இரண்டாவது கோப்பைக்கு மலாக்கி ரத்ததானம் செய்தார். மூன்றாவதில் டார்சிக்கே அழுகை வந்துவிட்டது.

நோரா மணியடித்தாள். "உயிரோட இருக்கும்போதே ஊர் என்ன பேசுதுன்னு கேக்கணும்னுதானே இந்த அஞ்சலி? கேட்டாச்சுல்ல, எழுந்து பேசுங்க மலாக்கி!"

பக்கத்து நாற்காலிக் கிழவர் எழுந்தார். ஆட்டு மருந்தைத் தானே விழுங்கிவிட்டதுபோல இருந்தது டார்சிக்கு. மெதுவாகத் தொப்பியைத் தேடினான்.

கிழவர் அவன் தோளை அழுத்தி, காதோரம் குனிந்தார்.

"உக்காருப்பா. என்னைத் தெரிஞ்சவன் ஒருத்தன்கூட நல்ல வார்த்தை சொல்லலை. நீ இன்னும் ரெண்டு அவுத்து விடு!"