வெள்ளிக்கிழமை வரைக்கும்

"இன்னும் ஒரே ஒரு வாய்தான் அக்கா... வெள்ளிக்கிழமை வரைக்கும் தாக்குப் புடிச்சுட்டா அப்புறம் பயமில்ல."

மலர்விழி கஞ்சியை ஸ்பூனில் எடுத்துப் பொன்னாயியின் வாயில் ஊற்றினாள். விழுங்குவதே அவளுக்குப் பெரும்பாடு. கண்ணில் நீர் வந்தாலும் ஒரு வாயைக்கூட வேண்டாமென்று தள்ளவில்லை.

அவள் கணவன் மாதையன் பார்த்துக்கொண்டிருந்தான். புதிதாகக் குழுக் கடன் வாங்கி ஆபரேஷன் செய்தும் பலனில்லை, ஆஸ்பத்திரியில் கைவிரித்துவிட்டார்கள். சங்ககிரியில் இருக்கும் அவள் தம்பி எட்டிப் பார்த்துவிட்டுப் போனதோடு சரி. கடன் குழுவில் கூட இருக்கும் இந்த நாலு பெண்கள்தான் தறி வேலையை விட்டுவிட்டு மாற்றி மாற்றி வருகிறார்கள். அவர்களில் தனப்பிரியா பொழுதுக்கும் கால் பிடித்துவிடுகிறாள்.

"ஏன் அம்மிணி, அதென்ன வெள்ளிக்கிழமை? மாரியாத்தாளுக்கு வேண்டியிருக்கீங்களா?"

மலர்விழி ஒரு நிமிடம் பொன்னாயியைப் பார்த்தாள். "ஆமாங்ண்ணா" என்று சொல்லிவிட்டுப் பாத்திரம் கழுவப் போனாள்.

இந்தக் காலத்தில் இப்படியும் மனுஷிகளா! மாதையனுக்கே நம்பிக்கை வந்துவிட்டது. "நீ பொழச்சுக்குவ புள்ள" என்று மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டான்.

வியாழக்கிழமை மூச்சு இழுக்க ஆரம்பித்தது. நாலு பேரும் சுற்றி உட்கார்ந்து, "அக்கா, கண்ண மூடிராத" என்று உலுக்கிக்கொண்டே இருந்தார்கள். எப்படியோ விடிந்தது.

கஞ்சியோடு வந்த மலர்விழியின் போன் அடித்தது. வாராவாரம் கடன் வசூலுக்கு வரும் தீனதயாளன். ஸ்பீக்கரில் போட்டாள்.

"நீங்க கேட்டதைப் பாத்துட்டேங்க்கா. பொன்னாயியக்கா புதுக் கடனுக்கு இன்சூரன்ஸ் இன்னைக்கிருந்து அமலுக்கு வந்துருச்சு. இனி அவங்களுக்கு என்ன ஆனாலும், அந்தக் கடனை ஜாமீன் நின்ன நீங்க நாலு பேரும் கட்ட வேண்டியதில்ல."

மாதையன் கட்டிலை விட்டு எழுந்தான்.

"இதுக்குத்தானா... இதுக்குத்தான் ஊட்டுனீங்களா அம்மிணி?"

கட்டிலிலிருந்து பொன்னாயியின் குரல் வந்தது.

"அவளுகள ஒண்ணும் சொல்லாதீங்க... வெள்ளிக்கிழமை வரைக்கும் என்னைய விட்றாதீங்கன்னு நான்தானுங்க கெஞ்சுனேன்."

பிறகு, மலர்விழி நீட்டிய ஸ்பூனைப் பார்த்து, பொன்னாயி முதல்முறையாக வாயை மூடிக்கொண்டாள்.