ஐம்பது அடி வளைவு

“இந்த வளைவைப் போட்டவன் கை விளங்காமப் போகணும்” என்று ஒலிபெருக்கியில் முழங்கினார் கல்லூரிச் சுற்றுச்சூழல் மன்றத்தின் செயலாளர். வயது இருபது. பின்னால் நின்ற பதினான்கு மாணவர்களும் அதையே ஒரே குரலில் திருப்பிச் சொன்னார்கள்.

கோபத்தில் நியாயம் இருந்தது. புதிய எண்ணெய்க் குழாய்க்காக நட்ட சிவப்புக் கொடிகள் முள்காட்டுக்குள் நேர்கோடாக வந்து, தையல்கார அக்காவின் வீட்டருகே மட்டும் ஐம்பது அடி வளைந்து, மறுபடி நேராகிப் போயிருந்தன. முன்வாசலில் ஒரு கொடி, பின்வாசலில் ஒரு கொடி. நடுவில் துணி வெட்டும் மேசை, இரண்டு தையல் மெஷின், அக்கா.

அவருக்கு வேறு வீடு கிடையாது. அந்தக் கூடத்தில் தைத்துத்தான் இரண்டு பெண்களைப் படிக்க வைக்கிறார். திங்கட்கிழமை இடிக்க வருகிறார்கள்.

வளைவுக்குக் காரணம் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் கிடங்குக்காரர் என்பது செயலாளரின் கண்டுபிடிப்பு. குழாய் நேராகப் போயிருந்தால் அவர் வேலியை உரசியிருக்கும். ஆகவே எங்கேயோ ஏதோ கைமாறியிருக்கிறது. ஆதாரம் கேட்டவர்களிடம், நேராக வருகிற கோடு தானாக வளையுமா என்று திருப்பிக் கேட்டார்.

மன்றத்துக்கு முன் அனுபவமும் உண்டு. கல்லூரிக்குப் பின்னாலுள்ள ஏரிக்கரையில் வர இருந்த இதே குழாயைப் போன வருடம் மனு கொடுத்து விரட்டியவர்கள் அவர்கள். அது எங்கே போனது என்று யாரும் விசாரிக்கவில்லை. போனதற்கே மூன்று நாள் கொண்டாடினார்கள். இன்று டீசல் வேனில் வந்து, புகைப்படத்தில் விழாதபடி அதைத் திருப்பத்துக்கு அப்பால் நிறுத்தியிருந்தார்கள்.

தட்டி எழுத அக்கா தன் மேசையையும் மர ஸ்கேலையும் கொடுத்தார். செயலாளர் தாமே கோடு போட்டு, ‘எண்ணெய்க் குழாயே வெளியேறு’ என்று எழுதினார். எழுத்துகள் ஒழுங்காக வந்து, நடுவில் மட்டும் கொஞ்சம் முதுகு கூனி நின்றன. கடைக்காரன் மட்டமான அட்டையைத் தள்ளிவிட்டான் என்றார் செயலாளர்.

மூன்று மணிக்கு சர்வேயர் வந்தார். சண்டைக்கு இல்லை, நிழலுக்கு. வளைவு எதற்கு என்று கேட்டதும், தானும் மேலிடத்தில் அதையேதான் கேட்டதாகவும், ஒப்புதலான வரைபடத்தில் இருக்கிறபடி கொடி நட்டால் போதும் என்று பதில் வந்ததாகவும் சொன்னார். பையிலிருந்து வரைபடத்தை எடுத்து மேசைமேல் விரித்தார்.

மூலையில் ஒரு முத்திரை இருந்தது. சுற்றுச்சூழல் மன்றத்தின் முத்திரை. அதன் கீழே செயலாளரின் கையெழுத்து, இரண்டு புள்ளியும் ஒரு சுழியுமாக.

கூட இணைத்திருந்த மனுவை சர்வேயர் எந்த ஏற்ற இறக்கமும் இல்லாமல் படித்தார். ‘ஏரியைக் காக்க மாற்றுப் பாதை ஒன்றை வரைந்து இணைத்துள்ளோம். இப்பகுதி ஆளரவமற்ற வெற்று நிலம்.’

அந்த ஆளரவமற்ற வெற்று நிலத்தில் பதினேழு பேர் நின்றார்கள். உள்ளறையில் சின்னப் பெண் பாடம் ஒப்பித்துக்கொண்டிருந்தாள்.

விடுதிக் கட்டிலில் வரைபடத்தை விரித்து, பத்தே நிமிடத்தில் போட்ட கோடு அது. இடத்தை நேரில் பார்க்க இரண்டு பஸ் மாற வேண்டும் என்று அன்றைக்கு விட்டுவிட்டார்கள். காலையிலிருந்து அக்கா கொடுத்த தண்ணீரைச் செயலாளர் ஏழு டம்ளர் குடித்திருந்தார்.

“அக்கா, மன்னிச்சிடுங்க” என்றார் மெல்லிய குரலில். கையிலிருந்த ஒலிபெருக்கியை அணைக்க மறந்திருந்ததால் அது தெருமுனை வரை கேட்டது.

கூட வந்தவர்கள் அவரைத் திட்டியிருந்தால்கூடத் தேவலை. எல்லோரும் தத்தம் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த அவமானத்தில்தான் அவருக்குப் பிடிமானம் ஒன்று கிடைத்தது.

“பாதை நாங்க குடுத்ததுதான். ஆனா நான் ஸ்கேல் வச்சு நேராத்தான் போட்டேன். நேராவே போயிருந்தா குழாய் வீட்டுக்குப் பின்னாடி முள்காட்டோட போயிருக்கும். இந்த வளைவு என்னோடது இல்ல. யாரோ கை வச்சிருக்காங்க.”

செருப்புகளிலிருந்து தலைகள் நிமிர்ந்தன. கிடங்குக்காரர் மறுபடி குற்றவாளியானார். வளைவு வரைபடத்தில் மூன்று மில்லிமீட்டர்தான், தரைக்கு வரும்போதுதான் ஐம்பது அடி ஆகிறது என்று சர்வேயர் சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை.

அக்கா மட்டும் வரைபடத்தின் மேல் குனிந்தார். இருபது வருடமாக அதே மேசையில் துணிமேல் கோடு போடுகிறவர். வளைவைப் பார்த்தார். சுவரோரம் சாய்த்திருந்த தட்டிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

பிறகு செயலாளரின் இடது கையைப் பிடித்து, ஆள்காட்டி விரலின் நுனியை அந்த வளைவுக்குள் வைத்தார். அளவெடுத்துத் தைத்ததுபோல் பொருந்தியது.

“ஸ்கேலைப் பிடிக்கும்போது விரலை உள்ள மடக்கிக்கணும், தம்பி.”